ஒலீட்டா மேகம்

வேலை நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணை மற்ற ஊர்களில் என்ன சொல்வார்களோ தெரியாது. எங்கள் ஹார்லன் கிராஸிங்கில் அப்படி நிற்பவளுக்கு ஒரு வயர்லெஸ் பெட்டியும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டும் கொடுத்து, கைகுலுக்கி, செய்தித்தாளில் படமும் போடுவோம். அதற்குப் பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் என்ன செய்வோம் என்பதை நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

ஒலீட்டா ஸ்டிடம் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எவனும் எவளும் அவள் கையால் சோளரொட்டியும் பீன்ஸும் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தான். உயரமான பொம்பளை, பெரிய கை, குரலும் பெரிசு. தட்டை நீட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே காலையில் சாப்பிட்டு வந்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவாள். சாப்பிடாத பிள்ளைக்கு இரண்டு துண்டு விழும், ஒரு வார்த்தை பேசாமல். மார்ச்சிலிருந்து ஜூன் வரை, தென்மேற்கில் வானம் கறுத்த நாட்களில், பாத்திரம் கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போய்விடுவாள். சுழல்காற்று வருகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சம்பளம் கிடையாது.

அவள் ஏன் அதைச் செய்தாள் என்பது ஊருக்கே தெரியும். அறுபத்தாறாம் வருடம் மே மாதம் அடித்த காற்றில் அவள் அம்மா போய்விட்டாள். ஒலீட்டாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, தங்கை வெல்டாவுக்குப் பதினொன்று. குளியல் தொட்டிக்குள் தங்கையைப் படுக்கவைத்து மேலே மெத்தையைப் போட்டு, அதற்கு மேலே தானும் படுத்துக்கொண்டாள். அம்மா கொல்லையில் துணி எடுக்கப் போயிருந்தாள். அன்று அபாயச் சங்கு ஊதவே இல்லை, ஏனென்றால் மேட்டில் நின்று பார்த்துச் சொல்ல ஆளே இல்லை. அதற்குப் பிறகு தொண்ணூற்றொன்றில் ஒன்று வந்தது, இரண்டாயிரத்து மூன்றில் ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே மாதிரி வீட்டைக் கட்டிக்கொள்வோம். வேறு ஊருக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்களிடம் நாங்கள் பேச்சை வளர்ப்பதில்லை.

மேட்டில் நிற்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, ஒலீட்டாவே வைத்தது. முதல் அழைப்பு தீயணைப்பு நிலையத்துக்கு, பிறகுதான் சொந்த பந்தத்துக்கு. காற்று தரையில் கால் வைத்ததைப் பார்த்ததும் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் போன் போட ஆரம்பித்தால் ஊர் அம்போ என்று போய்விடும். "உன் வீட்டுக்கும் சேத்துத்தானே சங்கு ஊதுது, அப்புறம் என்ன?" என்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதை மீறியதில்லை.

தீயணைப்பு நிலையத்தில் வயர்லெஸ் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் மெர்ல் டூம்ப்ஸ். சங்கின் பொத்தான் அவன் கையில். ஒலீட்டாவின் வயதுதான், ஒரே வகுப்பில் படித்தவர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் சாலையோர உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். அவன் பெகான் பை என்னும் கொட்டை வைத்த இனிப்புப் பண்டம் தின்பான், இவள் அவன் தொப்பையைப் பற்றி ஏதாவது சொல்லுவாள். புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து ஏமாந்த லாரிக்காரர்கள் உண்டு. மேட்டிலிருந்து அவள் கூப்பிட்டால் அவன் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கேட்டுச்சு ஒலீட்டா, ஊதிட்டேன்." பல நாள் சங்கு மேட்டுக்குக் கேட்காது, காற்று அவள் பக்கமிருந்து புயலைப் பார்த்து ஓடும். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்குச் சங்கு.

சங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாச் சனிக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அது ஒரு நிமிடம் ஊதும், சோதனைக்கு. இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். நாய்கள் சேர்ந்து ஊளையிடும், மனிதர்கள் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டோம்.

இரண்டாயிரத்து நாலு மே மாதம்தான் அந்தக் கூத்து நடந்தது. மேல்நிலைப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானத்தில் விழா. ஆயிரம் பேர் இருந்தோம். நீல அங்கி போட்ட பிள்ளைகள், கேமரா வைத்த அப்பன்கள், மேஜை நீளத்துக்கு ஒரு கேக். தென்மேற்கில் இடி. மேட்டில் ஒலீட்டா தனியாக நின்றாள்.

புயலின் அடியில் இரண்டு மாதிரி மேகம் தொங்கும். ஒன்றைச் சுவர் மேகம் என்போம். அடிவயிறு ஒரு கட்டியாக இறங்கி மெல்லச் சுற்றும், அதிலிருந்துதான் சுழல்காற்றின் வால் இறங்கும். இன்னொன்று கந்தல் மேகம். கிழிந்த துணி மாதிரி தொங்கிக்கொண்டு, வால் மாதிரியே பாசாங்கு பண்ணும். சுற்றாது, ஒன்றும் செய்யாது. இதைப் பார்த்து அது என்று நினைத்துவிடுவது இந்த வேலையில் எவருக்கும் ஒருநாள் நடக்கிற தப்பு. அந்தி வெளிச்சத்தில், மழைத் திரைக்குப் பின்னால், அன்று ஒலீட்டாவுக்கு நடந்தது. "வால் இறங்குது, மைதானத்தைப் பாத்து வருது" என்றாள். மெர்ல் ஊதிவிட்டான்.

ஆயிரம் பேரும் ஓடினோம். பள்ளி முதல்வரின் மாமியார் படியில் உருண்டு தோள்பட்டையை முறித்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். வந்தது வெறும் மழை, அதுவும் கால் மணி நேரம். கேக் நனைந்து கூழாகி மேஜையிலிருந்து வழிந்தது. அந்த வருடத்துப் பிள்ளைகளிடம் விழாவில் எடுத்த படம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

அடுத்து வந்த ஞாயிறே தேவாலயத்தில் ஒலீட்டா எழுந்து நின்றாள். "நான் பாத்தது கந்தல். வால்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான், மெர்லோடது இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெரிய மனசு என்று அவள் காதுபடச் சொன்னோம். தலை மறைந்ததும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன். எவன் சட்டையாவது கால்சட்டைக்கு வெளியே தொங்கினால் "பாருடா, ஒலீட்டா மேகம்!" என்போம். உணவகத்தில் காப்பி ஆவி பறந்தால் "யாராச்சும் சங்க ஊதுங்கப்பா" என்று ஒரு குரல் வரும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்தக் கோடையில் நார்மன் நகரத்துக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப்போய், புயல் பார்க்கும் வகுப்பில் இருபது வயசுப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தாள்.

தீயணைப்புத் தலைவன் டாரல் குயின்டன் அவளிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "ஒலீட்டாக்கா, நீங்க இல்லாம எங்களால முடியுமா? எப்பவும்போல நீங்கதான் போகணும்" என்றான். மெர்லும் எப்போதும்போல எதிரே உட்கார்ந்து பை தின்றான்.

அதற்குப் பிறகு நாலு வருடத்தில் மூன்று தடவை அவள் மேட்டிலிருந்து கூப்பிட்டாள். மூன்று தடவையும் மாவட்டப் போலீஸ் ஷெரீப்பின் ஆட்களும் பக்கத்தில் எங்கேயோ நின்று அதையே பார்த்திருந்தார்கள். சங்கு சரியான நேரத்தில் ஊதியது, ஊருக்கு எதுவும் ஆகவில்லை.

வெல்டா ஊருக்குத் தெற்கே, அஸ்திவாரம் இல்லாத தகர டிரெய்லர் வீடுகள் நிற்கும் இடத்தில் இருந்தாள். புருஷன் விட்டுப் போனபின் அவளால் முடிந்தது அதுதான். முதியோர் இல்லத்துத் துணி வெளுக்கும் இடத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் ஆறு வரை தூக்கம். டிரெய்லர் வீடு என்பது காற்றுக்கு ஒரு வாய்க்குக்கூடப் போதாது. சங்கு ஊதியதும் எழுந்து, செருப்பை மாட்டி, சாலையைத் தாண்டி, தேவாலயத்தின் நிலவறைக்குள் இறங்க அவளுக்கு ஆறு நிமிடம் வேண்டும். இரண்டு பேரும் ஒரு நாள் கடிகாரம் வைத்து நடந்து பார்த்திருக்கிறார்கள்.

"என்கூட வந்து இருடி" என்று ஒலீட்டா நூறு தடவை கூப்பிட்டிருப்பாள்.

"உன்கூட இருந்தா பகல்ல தூங்க விடுவியா? பாத்திரத்த உருட்டியே கொன்னுடுவ" என்பாள் வெல்டா. "எனக்கென்ன பயம்? நான் தூங்குறேன், நீதான் முழிச்சிருக்கியே."

இந்தக் கடைசி வாக்கியத்தை வெல்டா எல்லாரிடமும் சொல்லுவாள், ஏதோ காப்பீட்டுப் பத்திரம் வைத்திருப்பவள்போல.

இரண்டாயிரத்து எட்டு மே, ஒரு செவ்வாய்க்கிழமை. மதியத்திலிருந்தே வானொலியில் புயல் எச்சரிக்கை இருந்தது. மே மாதத்தில் எங்களுக்கு அது தினசரி சமாச்சாரம், யாரும் கடையை மூடவில்லை. நாலரை மணிக்கு ஒலீட்டா மேட்டில் இருந்தாள். தரையோரமாகக் கிழக்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று, புல் முழுக்கப் புயல் பக்கம் சாய்ந்து கிடந்தது. புயலின் அடிவயிறு இறங்கியது. அவள் அவசரப்படவில்லை. ஒரு முழு நிமிடம், டிரக்கின் கண்ணாடிச் சட்டத்தை அளவாக வைத்துப் பார்த்தாள். சுற்றியது. சந்தேகமே இல்லாமல், மெல்ல, கனமாகச் சுற்றியது. பிறகு கீழே, வயலில், வால் இன்னும் இறங்காத இடத்தில், செம்மண் சுழன்று எழும்பியது. கந்தல் மேகத்துக்கு மண்ணைக் கிளப்பத் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பன்னிரண்டு.

"மெர்ல், தரையில கால் வச்சிருச்சு. மூணு மைல் தென்மேற்கு. ஊரப் பாத்து வருது. ஊது."

"கேட்டுச்சு, ஒலீட்டா."

அவள் கை சட்டைப்பைக்குள் இருந்த போனைத் தொட்டது. வெல்டா தூங்கிக்கொண்டிருப்பாள். தொட்ட கையை எடுத்துவிட்டாள். சங்கு ஊதிக்கொண்டிருக்கும், அவள் எழுந்திருப்பாள், செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். நிலையத்துக்கு அடுத்தடுத்து இடம் சொல்லவேண்டும், போனில் பேச நேரமில்லை. ஐந்து பதினைந்துக்கு மறுபடி கூப்பிட்டாள். "ரெண்டு மைல். அகலமாயிருச்சு. நேரா தெற்குப் பக்கம் போகுது மெர்ல்."

"கேட்டுச்சு, ஒலீட்டா."

மூன்றாவது தடவையும் அதேதான். ஐந்து இருபத்துநாலுக்கு அது டிரெய்லர் வீடுகளுக்குள் புகுந்ததை மேட்டிலிருந்து பார்த்தாள். தகரங்கள் மேலே பறப்பதைப் பார்த்தாள். இந்நேரம் எல்லாரும் நிலவறையில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அது வடக்கே எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் வேலை செய்தோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மூன்று பேர் செத்திருந்தார்கள். வெல்டாவைச் சாலையோரப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு அடியில். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இடது கையில் மூன்று விரல் இல்லை. மருத்துவமனையில் இரண்டாம் நாள் கண் விழித்ததும் அக்காவைப் பார்த்தாள்.

"நீ பாக்கலியாக்கா?"

"என்னடி சொல்ற? பாத்தேன். அஞ்சு பன்னண்டுக்கே சொன்னேன்."

"சங்கும் கூரையும் ஒண்ணா வந்துச்சு" என்றாள் வெல்டா. "ஊதுச்சு, எந்திரிச்சேன், கதவத் தொறந்தேன். வீட்டோட கதவு மட்டும் என் கையில இருந்துச்சு." பிறகு கேட்டாள், "அங்க போயி தூங்கிட்டியா? உண்மையச் சொல்லு. வயசாயிருச்சுல்ல."

ஒலீட்டா எவ்வளவோ சொன்னாள். வெல்டா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா தினமும் போனாள். தங்கை "தண்ணி" என்பாள், "தலையணைய ஏத்து" என்பாள். வேறு பேச்சு இல்லை. அறுபத்தொரு வயதில், உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சொந்தம் தன்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறது என்பது ஒலீட்டாவை உள்ளே அரித்தது. சோளரொட்டிகூட அவளுக்கு இறங்கவில்லை. தன் கடிகாரம்தான் தப்போ, தான்தான் கண்ணயர்ந்துவிட்டோமோ என்றுகூட யோசிக்க ஆரம்பித்தாள். அந்த நேரத்தைக் கறுப்பு மையில் எழுதிக் காட்டினால் வெல்டா நம்புவாள். ஒவ்வொரு அழைப்பையும் மெர்ல் எழுதிவைக்கும் பதிவேடு நிலையத்தில் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை நிலையத்துக்குப் போனாள். மெர்ல் பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள். திருட்டுத்தனமாக அல்ல, அந்த மேஜையில் அவளுக்கு உரிமை உண்டு.

ஐந்து பன்னிரண்டு, ஒலீட்டா, தரையில், மூன்று மைல். எழுதியிருந்தது. நெஞ்சு லேசானது. அதற்கு எதிரே இன்னொரு வார்த்தை: 'காத்திரு.' ஐந்து பதினைந்து, ஒலீட்டா. 'காத்திரு.' ஐந்து பதினெட்டு, ஒலீட்டா. 'காத்திரு.' ஐந்து இருபது, ஷெரீப்பின் ஆள், அதே தகவல். ஐந்து இருபத்தொன்று, சங்கு.

அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். நாலு வருடத்து மூன்று அழைப்புக்கும் எதிரே அதே வார்த்தை இருந்தது. முன்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. மூலை பழுத்து, காப்பிக் கறை படிந்து, நிலையத்துக்காரர்கள் தினமும் பார்த்துப் பழகிய அட்டை. 'ஒலீட்டா கூப்பிட்டால், இன்னொருவர் உறுதி சொன்ன பிறகே சங்கு.' தேதி, இரண்டாயிரத்து நாலு, மே, விழாவுக்கு மூன்றாம் நாள். அவள் தேவாலயத்தில் எழுந்து நின்ற ஞாயிறுக்கு மறுநாள். கையெழுத்து மெர்லுடையது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் தெரிந்த கையெழுத்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு வருடமாக அவன் "கேட்டுச்சு ஒலீட்டா" என்று மட்டும்தான் சொல்லிவந்திருக்கிறான். "ஊதிட்டேன்" என்பதை நிறுத்திவிட்டான். பொய் சொல்ல வராத மனிதன், ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அவள்தான் கவனிக்கவில்லை. அந்த வார்த்தையை அவள் காதே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறது.

மெர்ல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் கையில் பிய்த்தெடுத்த அட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத ஏன் பிச்ச?"

"உன் கையெழுத்துதானே?"

"டாரல் சொன்னான். நான் எழுதினேன்."

"எப்போ?"

"அதான் தேதி போட்டிருக்கே."

"தேதி தெரியுது. அன்னைக்குக் காலையிலயும் என் எதிர்ல உக்காந்து பை தின்னியே, அதக் கேக்குறேன். மறுநாளும் தின்ன. நாலு வருஷமா தின்ன."

மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நான் வேணாம்னுதான் சொன்னேன், ஒலீட்டா. ஒரு தப்பு யாருக்கும் வரும்னு சொன்னேன். மறுபடியும் அப்படி ஓடி எவனாவது செத்தா யாரு பதில் சொல்றதுன்னு டாரல் கேட்டான். எனக்குப் பதில் தெரியல."

"அது நியாயம். சந்தேகப்பட்டது தப்புன்னு நான் சொல்லல. நானே என்னைச் சந்தேகப்பட்டவதான். எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ மேட்டுக்குப் போறதையே விட்டுடுவ. உன்ன விட்டா யாரு போவா? ஒருத்தனும் வரமாட்டான்."

"ஆக, நான் போகணும். நான் நனையணும். நான் பாத்துச் சொல்லணும். நீங்க மட்டும் நம்பமாட்டீங்க."

"உன் மனசு நோகுமேன்னுதான்..."

"என் மனசு நோகாம இருக்க என் தங்கச்சி இடுப்பு நொறுங்கணுமா, மெர்ல்?"

 அவன் வெளியே குழாயை மூடாமல் வந்திருந்தான், தண்ணீர் சிமெண்டில் ஓடும் சத்தம் கேட்டது.

"நீ சொல்லியிருந்தா," என்றாள் ஒலீட்டா. குரல் பெரிசாக இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "ஒரே ஒரு வார்த்த, 'உன் பேச்சுக்குச் சங்கு ஊதாது, ஒலீட்டா'ன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கு முதல் போன் அவளுக்குப் பண்ணியிருப்பேன். போன் என் கையில இருந்துச்சு. தொட்டேன். உன்ன நம்பிக் கைய எடுத்துட்டேன்."

மெர்லின் கண் கலங்கியது.

"அழாத" என்றாள். "நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும். அதுக்கு எனக்கு இன்னைக்குத் தெம்பு இல்ல."

அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் போனாள்.

அன்று மதியமே டாரல் குயின்டன் பள்ளிச் சமையலறைக்கு வந்துவிட்டான், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அடுத்த மாதக் கூட்டத்தில் அவளுக்கு ஊர் சார்பில் ஒரு நினைவுப் பலகை கொடுப்பதாக முடிவாகியிருக்கிறதாம், இருபத்திரண்டு வருடச் சேவைக்கு. "அந்த அட்டை விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்க்கா. மூணு வீட்டுல சாவு விழுந்திருக்கு. வெளிய தெரிஞ்சா மெர்ல உயிரோட தின்னுடுவாங்க."

"மெர்ல மட்டுமா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள், "மூணாங்கிளாஸ்ல உனக்குத் தினமும் ரெண்டு துண்டு போட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"உங்க வீட்டுல காலையில அடுப்பெரியலன்னு யார்கிட்டயாவது உறுதி பண்ணிக்கிட்டா போட்டேன்?"

அவன் காது சிவந்தது. அவள் உள்ளே போய் வயர்லெஸ் பெட்டியையும் மஞ்சள் கோட்டையும் எடுத்து வந்து ரொட்டித் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, இன்னும் சீசன் முடியல. மேட்டுக்கு யாரு போவா?"

"யாரோ ரெண்டாவது ஆளுன்னு எழுதி வச்சிருக்கீங்களே. அவர அனுப்பு."

மறுநாள் சனிக்கிழமை. வெல்டாவை மருத்துவமனையிலிருந்து, நடக்கப் பழக்கும் இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள், இருபது மைல் தள்ளி வேறு ஊரில். ஒலீட்டா வெண்டைக்காய் வறுவலும் கோழியும் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் மனசு ஒரு மாதிரி பரபரத்தது. மெர்ல் மேல் இருந்த கோபத்துக்குள்ளேயே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. இனி வெல்டா திரும்பிப் பார்ப்பாள். அக்கா தூங்கவில்லை, அக்கா பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அட்டையைத் தங்கையின் நல்ல கையில் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு என்று ஒவ்வொரு நிமிடத்தையும் சொன்னாள். வெல்டா அட்டையை இரண்டு தடவை படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை.

"டாரலுக்குத் தெரியும்" என்றாள் வெல்டா.

"ஆமா."

"மெர்லுக்குத் தெரியும். நிலையத்துல அத்தன பேருக்கும் தெரியும். அவங்க பொண்டாட்டிங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்ல?"

"இருக்கும். அதனாலதான் சங்குக்குக் காத்திருக்காம வானொலியக் கேட்டுட்டு முன்னாடியே நிலவறைக்குப் போயிருக்காங்க. அந்தப் பக்கம் விசாரிச்சேன்."

உண்மைதான். எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். ஊரில் சில விஷயங்கள் அப்படித்தான் பரவும், சம்பந்தப்பட்ட இரண்டு பேரை மட்டும் விலக்கிச் சுற்றிக்கொண்டு.

வெல்டா அட்டையைப் போர்வை மேல் வைத்தாள். அழவில்லை. நிதானமாக, கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்போ இத்தன வருஷமா இந்த ஊர்ல உன் பேச்ச நம்பித் தூங்கினவ நான் ஒருத்திதானா?"

 வழியெல்லாம் ஒலீட்டா எதை எதையோ நினைத்து வந்திருந்தாள், இது மட்டும் அதில் இல்லை. டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். எண்ணெய் வாசனை அறை முழுக்கப் பரவியது.

அப்போது அந்த ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது. எங்கேயோ நாய்கள் சேர்ந்துகொண்டன. வெல்டாவின் உடம்பு முழுக்க விறைத்தது. விரல் இல்லாத கை கட்டில் கம்பியைப் பிடிக்கப் பார்த்து வழுக்கியது.

"ஒண்ணுமில்லடி" என்று ஒலீட்டா அவள் தோளைப் பிடித்தாள். "சனிக்கிழமடி இன்னைக்கு. மணி பன்னண்டு. சும்மா சோதன."

வெல்டா அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"யாரு சொன்னா?" என்றாள்.

ஒலீட்டா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தென்மேற்கில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சங்கு ஓயும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.